தட்டிப் பார்த்த முட்டை

எங்கள் தெருவில் யார் முட்டை வாங்கி வந்தாலும் தெய்வநாயகி அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்கா, "என்ன சாமி, முட்டையா? கொண்டா இங்க" என்று கையை நீட்டிவிட்டால் கொடுக்காமல் போக யாருக்கும் மனசு வராது. கைக்கு ஒன்றாக இரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்றை மெதுவாகத் தட்டுவார். டிக் என்று கேட்டால் நல்ல முட்டை. டொக் என்று அமுங்கிக் கேட்டால் கீறல். கண்ணுக்கே தெரியாத மயிரிழைக் கீறலாக இருந்தாலும் அந்தக் காதுக்குத் தப்பாது. அதை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்து, "இத இன்னிக்கே ஊத்திரு. நாளைக்கு வெச்சீன்னா வீணாப்போயிரும்" என்பார்.

முட்டையோடு நின்றால் பரவாயில்லை. தேங்காய், மண்பானை, கண்ணாடி வளையல் எதைக் கண்டாலும் தட்டுவார். நான் எதிர் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். ரஞ்சனி என்று பெயர். ஒரு தடவை ஆசை ஆசையாகப் பீங்கான் கோப்பை இரண்டு வாங்கி வந்தேன். அக்கா வாங்கித் தட்டினார். "ஒன்னு கீறல்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வெற்றிலை போடப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அதே கோப்பையில் சூடாகக் காபி ஊற்றினேன். காபி பாதி என் மடியில், மீதி தரையில். அன்றைக்கு நான் அக்காவோடு பேசவில்லை.

அக்கா பிறந்தது மோகனூருக்குப் பக்கத்தில். கட்டிக்கொண்டு வந்தது வெங்கடாசலம் அண்ணனை. அண்ணனுக்கு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மர வேலை. ஒரே மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போன அக்கா, அந்த மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் ஆன பிறகுதான் நின்றார். இடையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

விடிந்ததும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு ஷெட்டுக்குள் போக வேண்டும். வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு. கூண்டின் தரை சரிவாக இருப்பதால், கோழி முட்டை போட்டதுமே அது உருண்டு வெளியே வந்து கம்பி ஓரத்தில் நின்றுவிடும். அக்காவின் வேலை அதை எடுப்பது, கீறலைக் கழிப்பது, மற்றதை அட்டையில் அடுக்குவது. கழித்த கீறல் முட்டையில் கொஞ்சம் வேலைக்காரர்களுக்குக் கிடைக்கும். அக்காவின் அடுப்பு மேடையில் அதற்கென்றே ஒரு அலுமினியக் கிண்ணம் உண்டு. இருபது வருஷமாக அந்த வீட்டில் முட்டை என்றால் கீறல் முட்டைதான்.

"போட்ட முட்டைய அது கண்ணால கூடப் பாக்காது சாமி" என்று ஒருநாள் சொன்னார். "திரும்பிப் பாக்க எடம் இருந்தாத்தான? நானுந்தான் என்னத்தக் கண்டேன். எடுத்து எடுத்து அடுக்குனதோட செரி. அத்தன முட்டையில ஒன்னு கூடக் குஞ்சாவற முட்டை கெடையாது. சேவலே இல்லாத ஊர்ல குஞ்சு எங்கிருந்து வரும்?"

சரி, வீட்டிலாவது ஒரு கோழி வளர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி இருக்கக் கூடாது. நாட்டுக்கோழிக்கு நோய் வந்தால் அது இவர்கள் கையிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு பண்ணைக்குள் வந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனால் எங்கள் நாமக்கல்லில் பாதி ஆயுளைக் கோழிகளோடு கழித்தவருக்குச் சொந்தமாக ஒரு கோழி இல்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவார்களா?

கடைசியில் வேலையை நிறுத்தியது நெஞ்சுச் சளிதான். ஷெட்டுக்குள் எச்சத்தின் காரம் கண்ணையும் மூச்சையும் அடைக்கும். இருமி இருமி ராத்திரித் தூக்கம் போனதும், இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழுவார் என்று நினைத்தேன். அடுத்த நாளே பஸ் ஏறி மோகனூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனார். பொழுதோடு திரும்பி வந்தபோது கையில் கட்டைப்பை. பைக்குள்ளிருந்து ஒரு கோழி தலையை நீட்டித் தெருவை மேலும் கீழும் பார்த்தது.

செம்பட்டை உடம்பு, கறுத்த கழுத்து, முட்டையிடும் பருவத்து நல்ல வெடைக்கோழி. இறக்கிவிட்டதும் அது ஒரு வேலையும் செய்யாமல், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு வாசலாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போனது. அக்கா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தார்.

"அச்சு அசல் எங்க சூப்பர்வைசரேதான்" என்றார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

சூப்பர்வைசருக்கும் எனக்கும் முதல் வாரத்திலேயே சண்டை. என் தொட்டியில் இருந்த கொத்தமல்லியைக் கிளறி மண்ணைத் தெருவெல்லாம் இறைத்துவிட்டது. "அக்கா, உங்க சூப்பர்வைசரக் கட்டிப் போடுங்க, இல்லாட்டி கொழம்பு வெச்சுருவேன்" என்று கத்தினேன். "ரெண்டு தழைக்கு ஏஞ்சாமி இப்படிக் குதிக்கிற" என்று அவர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் கோழிக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை போல. தெருக்கோடி ரபியா அக்கா வீட்டுச் சேவல் இரண்டு நாள் எங்கள் பக்கம் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் ஒருநாள் மத்தியானம் சூப்பர்வைசர் நேராக என் வீட்டுக்குள் நடந்து வந்தது. தையல் மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணி போட்டு வைக்கும் கூடை இருக்கிறது. அதில் ஏறி, சுற்றிச் சுற்றித் துணியை மிதித்துச் சரிபண்ணி உட்கார்ந்தது. நான் விரட்டக் கையை ஓங்கினேன். அது என்னைப் பார்த்த பார்வையில் கையைக் கீழே இறக்கிவிட்டேன். எழுந்து போனபோது பட்டுத்துணித் துண்டுகளின் நடுவில் வெதுவெதுவென்று ஒரு முட்டை இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அக்காவின் கையில் வைத்தேன். அக்கா தட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது குஞ்சாவற முட்டைதான சாமி?" என்று என்னிடம் கேட்டார்.

"சேவல்தான் ஊரறிய வந்துட்டுப் போச்சே" என்றேன்.

"அப்பக் கொண்டுபோயி அங்கயே வெச்சிரு. அது போடற எடத்துலயே கெடக்கட்டும்."

அப்படியே என் கூடையில் முட்டை சேர்ந்தது. கடைசியில் சூப்பர்வைசர் கூடையை விட்டு எழவே இல்லை. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயப் பாய வரும். நான் ஜாக்கெட் தைக்கத் தைக்கக் காலடியில் 'கொக்... கொக்' என்று அடித்தொண்டையில் ஒரே முனகல். பெடலை மிதிக்கும்போதெல்லாம் என் கணுக்காலில் ஒரு கொத்து. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை, அக்காவைக் கூப்பிட்டேன்.

வெங்கடாசலம் அண்ணனும் வந்து எட்டிப் பார்த்தார். "அடைக்கு உக்காந்திருச்சு. ரெண்டு முக்கு தண்ணியில முக்கி எடுத்தா அடை தெளிஞ்சு மறுபடியும் முட்டை போடும். முட்டையாச்சும் தின்னலாம்" என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அந்த மனுஷியின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஏனுங்க, இத்தன வருசம் முட்டை தின்னது போதாதுங்களா? என்ற கையால எடுத்த முட்டையில ஒன்னாச்சும் உசுராகி எந்திரிச்சு நடந்து நான் பாக்கோணும். ஒன்னே ஒன்னு போதும். அதுக்கு மேல நான் ஒன்னும் கேக்கல."

பட்டறைக்குப் போன அண்ணன் சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்தார். லாரி பாடிக்குப் போட்டு மிஞ்சிய தேக்குப் பலகை. பின்பக்கம் லாரிக் கதவு மாதிரியே கீழே மடங்கும் கதவு, அதற்கு இரண்டு பக்கமும் கொக்கி. உடம்பெல்லாம் மஞ்சள் பெயின்ட், ஓரத்தில் பச்சைக் கோடு. கதவின் மேல் சிவப்பில் 'ஒலி எழுப்பவும்' என்று வேறு எழுதியிருந்தது.

"கோழிக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"கையி சும்மா இருக்குதா அம்மிணி" என்றார்.

பெட்டிக்குள் மணலைப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, அதற்கும் மேலே என் வெட்டுத்துணியையும் வைத்தோம். அது இல்லாவிட்டால் மகாராணி உட்கார மாட்டாளே. இடி இடித்தால் முட்டைக்குள் கரு கலங்கிவிடும் என்று, ஒரு மூலையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வரமிளகாயும் போடுவது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். அக்கா ஒரு ஆணி கேட்டார். பட்டறைக்காரர் ஒரு பெரிய போல்ட்டையே கொண்டுவந்து போட்டார். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று ஒன்பது முட்டையைப் பொறுக்கி அடுக்கிக் கோழியை உட்கார வைத்தார் அக்கா. அன்றிலிருந்து காலண்டரில் மூன்று வாரம் கணக்கு வைத்து, பொரிக்க வேண்டிய தேதியில் குங்குமம் வைத்தார்.

அந்த மூன்று வாரம் அக்காவைப் பார்க்க வேடிக்கையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. காலையில் கோழியை இரண்டு கையாலும் தூக்கி வெளியே விடுவார். அது அவசர அவசரமாகக் கம்பைக் கொத்தி, தண்ணீரைக் குடித்து, புழுதியில் ஒரு புரளல் புரளும். அதற்குள் அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோழி கொஞ்சம் அதிகமாக உலாத்தினால், "போதுஞ் சூப்பர்வைசரே, ஆறிப்போவுது, போயி ஏறு" என்று விரட்டுவார். அது போய் ஏறி, வயிற்றுக்கு அடியில் ஒவ்வொரு முட்டையாக அலகால் புரட்டி இழுத்து வைத்துக்கொள்ளும்.

"பாத்தியா சாமி, எண்ணி எடுத்து வெக்கறாப்ல வெக்கிது. அங்கயும் எத்தனையோ கோழி இருந்துச்சு. அதுகளுக்கும் இப்படி உக்காரோணும்னு எங்கியாச்சும் ஒரு ஆச இருந்திருக்குமா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

இடையில் கோடை மழை வந்தது. மத்தியானமே இருட்டிக்கொண்டு, இடி என்றால் அப்படி ஒரு இடி. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா பெட்டியின் மேல் குனிந்து, இரண்டு கையையும் அதைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போல்ட் போதாது என்று அரிவாள்மணை, கரண்டி, இடுக்கி எல்லாம் பெட்டியைச் சுற்றிக் கிடந்தன. நனைந்துகொண்டே பட்டறையிலிருந்து ஓடி வந்த அண்ணன், லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைத் தோளிலிருந்து இறக்கி அதோடு சாத்தி வைத்தார். தண்ணியில் முக்கச் சொன்ன ஆள்!

மழை விட்ட மறுநாள் என் செல்போன் டார்ச்சில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தோம். இரண்டு வெறும் முட்டை, வெளிச்சம் அப்படியே ஊடுருவியது; அவற்றை எடுத்துவிட்டோம். மற்ற ஏழும் உள்ளே இருண்டிருந்தன. ஒன்றில் ஏதோ அசைந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

குங்குமம் வைத்த நாளுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் பாக்கி இருந்தது. அன்றைக்கு விடியற்காலையில் கோழி நிலைகொள்ளாமல் அசைவது கேட்டு அக்கா எழுந்திருக்கிறார். கரண்ட் இல்லை. இருட்டிலேயே போய் வயிற்றுக்கு அடியில் கையை விட்டுத் தடவியிருக்கிறார். ஒரு முட்டையில் விரலுக்குக் கீறல் தட்டுப்பட்டது. எடுத்துவிட்டார். இன்னொன்றிலும் கீறல். அதையும் எடுத்துவிட்டார். கையில் வந்த கீறல் முட்டை எங்கே போகும்? நேராக அடுப்பு மேடைக்குப் போனது. முதலாவது அலுமினியக் கிண்ணத்தில், இரண்டாவது ஜன்னல் ஓரத்தில். அப்புறம் வாசல் தெளித்து, கோலம் போட்டு, அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் சுடவைத்தார். இதெல்லாம் அவரே பிறகு சொன்னது. "மனசுல ஒன்னுமே ஓடல சாமி. கையி தானா எடுத்துச்சு, தானா வெச்சுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் போட்ட கணக்கிலும் ஒரு ஓட்டை இருந்தது. பெட்டியில் வைத்த நாளிலிருந்துதான் எண்ணினார். என் மிஷினுக்கு அடியில் என் கணுக்காலைக் கொத்திக்கொண்டு அது அடைகாத்த நாட்கள் கணக்கிலேயே வரவில்லை. கோழி கணக்கைச் சரியாகத்தான் வைத்திருந்தது.

நான் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க அங்கே போனபோது, கல்லில் தோசை வெந்துகொண்டிருந்தது. அண்ணன் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு முட்டை கீறலாப் போச்சு சாமி. கோழி மிதிச்சிருச்சாட்ட இருக்குது. இன்னும் அஞ்சு இருக்குது, பாக்கலாம்" என்று அக்கா வருத்தமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கிண்ணத்திலிருந்த முட்டையைத் தோசைமேல் ஊற்ற எடுத்து, கல்லின் விளிம்புக்குக் கொண்டுபோனார்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏ புள்ள, தோசை தீயுது" என்றார் அண்ணன்.

"சத்தம் போடாதீங்க" என்றார் அக்கா. முட்டையைக் காதோரம் கொண்டுபோனார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தேன். அப்போது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது, மெல்லிசாக, 'கீச்' என்று. முட்டையின் கீறலுக்குள் ஊசிமுனை மாதிரி ஏதோ ஒன்று அசைந்தது.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ, நான் என்ன பண்ணிப்போட்டேன்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் ஜன்னல் ஓரத்தில் இருந்த இன்னொன்றை எடுத்தேன். அடுப்புப் பக்கம் இருந்தது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இது சில்லென்று இருந்தது. சத்தமும் இல்லை. இரண்டையும் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தோம். அதற்கு மட்டும் சூப்பர்வைசர் கொத்தவில்லை. அலகால் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டது.

அன்றைக்குப் பூராவும் அக்கா பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்தே இருந்தார். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தாலும் கையை எடுக்கவில்லை, நான்தான் வாயில் ஊற்றினேன். "உசுர எடுத்து அடுப்புல வெச்சிருக்குது பாரு இந்தக் கையி. இத்தன வருசம் பழகுனது இதுக்குத்தானா?" என்றார். தெரியாமல் நடந்தது என்று சொன்னேன். அண்ணனும் சொன்னார். எங்கள் சமாதானம் எதுவும் உள்ளே இறங்கவில்லை.

மத்தியானம் முதல் குஞ்சு இறகுக்கடியிலிருந்து தலையை நீட்டியது. ஈரம் காயாத மஞ்சள் தலை. காலையில் தோசைக் கல்லுக்குத் தப்பியது அதுதான் என்று அண்ணன் சத்தியம் செய்தார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாக ஐந்து வந்துவிட்டன. என் பட்டுத்துணிக்குள் நுழைவதும் தாய் முதுகில் ஏறிச் சறுக்குவதுமாக ஒரே அமளி. அக்கா சிரித்தார். ஆனால் எல்லாச் சிரிப்பும் பாதியிலேயே நின்றது. அவர் கண் ஆறாவதைத் தேடியது.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் பெட்டிக் கதவின் மேல் நடந்து வெளியே இறங்கியது. ஐந்து குஞ்சும் பின்னாலேயே தொபுக் தொபுக்கென்று விழுந்து எழுந்து ஓடின. பெட்டிக்குள் இரண்டு முட்டை கிடந்தன. ஒன்றில் கீறலே இல்லை, கூமுட்டை என்று தெரிந்துவிட்டது. இன்னொன்று, நேற்று ஜன்னல் ஓரத்திலிருந்து நான் எடுத்தது. அதே கீறல், நேற்றைக்கு இருந்த அளவுதான், கொஞ்சம் கூடப் பெரிதாகவில்லை. கோழி திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பைமேட்டுப் பக்கம் போய், குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கிளறிக் காட்டிக்கொண்டிருந்தது.

"அது போச்சு நாயகி" என்றார் அண்ணன் மெதுவாக. "நான் எடுத்துப் பொதச்சர்றேன். நீ ஊட்டுக்குள்ள போ."

"இருங்க" என்றார் அக்கா.

முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தார். நேற்றுக் காலைக்குப் பிறகு அந்தக் கை ஒன்றையும் தொடவில்லை. முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நல்லதா, கீறலா என்று கேட்கத்தான் அவர் இத்தனை வருஷம் முட்டையைத் தட்டியிருக்கிறார். இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. விரலை மடக்கி, நகத்தால், ஓட்டின் மேல் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

டிக்.

காதோரம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குப்பைமேட்டில் குஞ்சுகளின் கூச்சல் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, கண்ணைத் திறக்காமலேயே அவர் உதடு கோணியது.

"தட்டுது" என்றார்.

"என்னக்கா?"

"உள்ள இருந்து தட்டுது சாமி. இருக்கறேங்குது."

நான் ஓடிப்போய்க் காதை வைத்தேன். ஓட்டுக்கு உள்ளே இருந்து டிக் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். அத்தனை ஆயிரம் முட்டையைத் தட்டிய கைக்கு முதல்முறையாக ஒரு முட்டை பதில் சொன்னது. அக்கா தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். அண்ணன் பெட்டியின் கொக்கியைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

கோழி திரும்பி வந்து உட்கார்கிற மாதிரி தெரியவில்லை. அக்கா என் வெட்டுத்துணியில் முட்டையைச் சுற்றி, இரண்டு கையாலும் மூடி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார். சமையல் என் வீட்டில் நடந்தது. அவ்வப்போது நகத்தால் மெதுவாக ஒரு தட்டு, காதில் வைத்து ஒரு சிரிப்பு. தெருவில் முட்டையோடு போனவர்கள் காட்ட வந்து, அவர் கையில் இருந்ததைக் கேள்விப்பட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள். ரபியா அக்கா மட்டும் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து, தன் வீட்டுச் சேவலின் பெருமையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு அக்கா, "ரஞ்சி" என்று கூப்பிட்டார். குரலே வித்தியாசமாக இருந்தது. போய்ப் பார்த்தேன். துணியை விலக்கினார். ஓட்டின் மூடி கழன்று கிடந்தது. அவர் உள்ளங்கையில், முட்டை பொறுக்கிப் பொறுக்கிக் காய்த்துப்போன அந்த இடத்தில், நனைந்த பஞ்சுத் துணுக்காக ஒன்று மல்லாந்து கிடந்து காலை உதைத்தது. கொஞ்ச நேரத்தில் புரண்டு, தள்ளாடி, எழுந்து நின்றது. இரண்டு அடி வைத்து அவர் மணிக்கட்டின் மேல் ஏறியது.

"நடக்குதுங்க" என்று அக்கா சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் கேட்கக் கூவினார். "ஏனுங்க, வந்து பாருங்க, நடக்குதுங்க!"

அது இப்போது வளர்ந்து சேவலாகி, விடியற்காலையில் தெருவையே எழுப்புகிறது. சத்தம் தாங்கவில்லை என்று நான் கத்தினால், பெட்டியில் எழுதியிருப்பதைத்தானே அது செய்கிறது என்று அண்ணன் சொல்கிறார். என் கொத்தமல்லி எந்த நாளும் முளைத்து வரப்போவதில்லை என்பது முடிவாகிவிட்டது.

தெருவில் யார் முட்டை வாங்கினாலும் இன்றைக்கும் அக்காவிடம்தான் காட்டுகிறார்கள். அவரும் இரண்டை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். ஆனால் முன்னைப்போல உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. தட்டிய முட்டையைக் காதோரம் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார். அது பண்ணை முட்டை, அதற்குள் ஒன்றும் இருக்காது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் கிடையாது. அவர் காதிலிருந்து எடுக்கும் வரைக்கும் நாங்கள் நின்று வாங்கிக்கொண்டு போகிறோம்.